ப்ரூடன்ட் என்றால் பயந்தாங்கொள்ளியா?

வழக்கமாகச் சினிமா, பஸ் பயணம், பரீட்சைப் புலம்பல் என்று எழுதுகிற நான் இந்த முறை ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பாடப்புத்தக வாசனை கொஞ்சம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஈமு கோழி வரும் :-)

வார்த்தை இதுதான்: ப்ரூடன்ட்.

பி.காம். படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். அக்கவுண்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே ப்ரூடன்ஸ் என்று வந்துவிடும். கன்சர்வேட்டிசம் என்றும் சொல்வார்கள். இரண்டு மார்க் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவோம்: வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரப்போகிற நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. முடிந்தது. இரண்டு மார்க்.

அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. அகராதியைத் திறந்தால் விவேகமான, முன்யோசனையுள்ள, எச்சரிக்கையான என்று வரிசையாக நிற்கிறது. மூன்றும் ஒன்றா? விவேகமான ஆள் என்றால் பாராட்டு. ரொம்ப எச்சரிக்கையான ஆள் என்றால் பாதி கிண்டல். ஒரே வார்த்தைக்குள் பாராட்டும் கிண்டலும் எப்படிக் குடியிருக்கின்றன?

முதலில் இந்த வார்த்தையின் அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துவிடலாம்.

கேர்ஃபுல் எல்லாருக்கும் தெரியும். நிரம்பிய காபி டம்ளரைச் சிந்தாமல் எடுத்து வருகிறவர் கேர்ஃபுல். அவரை ப்ரூடன்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையும் கண்ணும் செய்கிற வேலைக்கு கேர்ஃபுல், தலை எடுக்கிற முடிவுக்கு ப்ரூடன்ட். வண்டியை நிதானமாக ஓட்டுகிறவர் கேர்ஃபுல். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே புதுப்பிக்கிறவர் ப்ரூடன்ட்.

வேரி என்றால் சந்தேகக் கண். தெரு நாயைத் தாண்டும்போது நாம் இருக்கும் நிலை. பிவேர், அவேர் எல்லாம் அதே குடும்பம். 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டை நினைத்துக்கொண்டால் மறக்காது.

காஷியஸ் என்றால் அடி எடுத்து வைக்கும் முன் தரையைத் தட்டிப் பார்ப்பது. இதன் லத்தீன் வேரிலிருந்துதான் கேவியட்டும் வந்தது. நம் ஊர் கோர்ட்டுகளில் போடுகிறார்களே கேவியட் மனு, அதேதான். 'என்னைக் கேட்காமல் உத்தரவு போட்டுவிடாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. பிசினஸ் லாவில் படிக்கிற கேவியட் எம்ப்டர், அதாவது வாங்குகிறவனே பார்த்து வாங்கு என்கிற கொள்கையும் இந்த வீட்டுப் பிள்ளைதான். காலேஜில் சேரும்போது காஷன் டெபாசிட் கட்டினோமே, நாம் லேபில் எதையாவது உடைத்துவிடுவோம் என்ற முன்கூட்டிய சந்தேகத்துக்கு நாம் கொடுத்த காசு அது.

ஆக கேர்ஃபுல், வேரி, காஷியஸ் மூன்றிலும் ஆபத்து கிட்டத்திலேயே நிற்கிறது. ப்ரூடன்ட் அப்படி இல்லை.

லத்தீனில் ப்ரோ என்றால் முன்னால். விடேரே என்றால் பார்ப்பது. வீடியோ, விசா எல்லாம் அந்தப் 'பார்'ப்பதிலிருந்து வந்தவை. இரண்டும் சேர்ந்த ப்ராவிடென்ஸ் என்ற சொல் நாளடைவில் சுருங்கித்தான் ப்ரூடன்ஸ் ஆகியிருக்கிறது. நேர்ப்பொருள், முன்னால் பார்ப்பது. இதில் பயம் எங்கேயும் இல்லை. கண்தான் இருக்கிறது.

இது தெரிந்ததும் எனக்குப் பல விஷயங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ப்ராவிடண்ட் ஃபண்ட் அதே வேர். ஓய்வுக் காலத்தை இப்போதே பார்த்து ஒதுக்குவது. வாராக்கடனுக்கு ப்ராவிஷன் போடுகிறோமே, அதுவும் அதே வேர். அவ்வளவு ஏன், தெருமுனை மளிகைக் கடையின் ப்ராவிஷன் ஸ்டோர்ஸ் போர்டும் அதே வேர்தான். பசிக்கும் முன்பே அரிசி வாங்கி வைக்கும் இடம். இதற்கு எதிர்ப்பக்கம் இம்ப்ரொவைஸ். முன்னால் பார்க்காததைச் சமாளிப்பது. பரீட்சை ஹாலில் நாம் செய்வது.

சரி, நம்ம தமிழுக்கு வருவோம். ஜாக்கிரதை என்பது விழித்திருத்தல் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது. உஷார் பாரசீகத்திலிருந்து வந்தது, புத்தி தெளிவாக இருத்தல் என்று பொருள். இரண்டும் ராத்திரிக் காவல்காரனுக்குப் பொருந்தும் வார்த்தைகள். பத்திரம் இன்னும் வேடிக்கை. பத்திரமாகப் போ என்பதும் வீட்டுப் பத்திரம் என்பதும் வேறு வேறு வடசொற்களிலிருந்து வந்து தமிழில் ஒரே உருவம் எடுத்தவை. முன்னதற்கு நலம் என்று மூலம், பின்னதற்கு இலை, ஏடு. ஆனால் நம் ஆட்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். கையில் பத்திரம் இருந்தால்தானே மனசு பத்திரமாக இருக்கும்!

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதற்கெல்லாம் மேலே ஒரு வார்த்தை இருக்கிறது. பதனம். "மழ வர்ற மாதிரி இருக்குது, பதனமா போய்ட்டு வா சாமி." "கண்ணாடிச் சாமான், பதனமா வெய்யி." வெளியூர் நண்பர்கள் முதல் தடவை கேட்கும்போது முழிப்பார்கள். எங்கள் அப்புச்சி வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும் வார்த்தை இது. (வெளியூர்க்காரர்களுக்கு: அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா.) ப்ரூடன்ட் என்ற வார்த்தையை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதன் முழு அர்த்தத்தையும் எனக்குக் காட்டியவர் அவர்தான். நல்ல பக்கம், கெட்ட பக்கம் இரண்டையும்.

முதலில் நல்ல பக்கம். ஈமு கோழி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். 2012க்கு முந்தைய சில வருஷங்களில் பெருந்துறையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஈமு. ஆஸ்திரேலியாவின் பறக்காத பறவை, கம்பி வேலிக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கறி, எண்ணெய், முட்டை, இறகு எல்லாமே காசு என்றார்கள். சினிமாக்காரர்களே விளம்பரத்தில் வந்தார்கள். அந்தத் தொழிலில் அதிகம் பேசப்பட்ட நிறுவனம் பெருந்துறையின் சுசி ஈமு ஃபார்ம்ஸ். அப்போது செய்திகளில் வந்த அதன் திட்டம் இது: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள், தீவனம், கொட்டகை. வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய். வருஷத்துக்கு 20,000 ரூபாய் போனஸ். இரண்டு வருஷம் முடிந்தால் கட்டிய பணம் திரும்ப.

காமர்ஸ் பிள்ளைகள் கால்குலேட்டரை எடுங்கள். மாதம் 6,000 என்றால் வருஷத்துக்கு 72,000. போனஸ் சேர்த்தால் 92,000. ஒன்றரை லட்சத்துக்கு வருஷம் 61 சதவீதம்! பாங்கில் ஃபிக்சட் டெபாசிட் பத்து சதவீதத்தைத் தொடவே திணறிய காலம் அது.

2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. பணம் வராதவர்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் என்று 1997இல் கொண்டு வந்த ஒன்று இருக்கிறது. அதன் கீழ் வழக்குகள் பாய்ந்தன. பண்ணைகளில் தீவனம் இல்லாமல் பறவைகள் பட்டினி கிடக்க, கடைசியில் அரசாங்கம் தலையிட்டுத் தீவனம் போட வேண்டி வந்தது.

இது நடப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் எங்கள் உறவினர் ஒருவர் அப்புச்சியிடம் வந்திருக்கிறார். அந்த மாதிரி ஒரு பண்ணையில் பணம் போட்டு, ஏழெட்டு மாதம் ஒழுங்காகக் காசும் வாங்கியவர். "மாமா, நீங்களும் போடுங்க. தோட்டத்துல சும்மா கெடக்குற எடந்தானுங்களே." நான் அப்போது ஆரம்பப் பள்ளி. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"ஏனுங்க மாப்ள, அந்தக் கறிய யாருங்க திங்கறாங்க?"

உறவினர், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகுது என்றிருக்கிறார். "ஆவட்டுங்க. நம்மூர்ச் சந்தையில ஒருத்தன் தூக்கிப் புடிச்சு வித்துப் பாத்தீங்களா? வாங்கறவன் மூஞ்சியப் பாக்காத யாவாரத்துல எனக்குக் காசு வேண்டாமுங்க." கோபமில்லை, கிண்டலில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஊரில் அவருக்குக் கிடைத்த பட்டம் பயந்தாங்கொள்ளி. 2012 ஆகஸ்ட் வரை.

அக்கவுண்டிங் பாஷையில் அப்புச்சி செய்தது என்ன? லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். பறவையை வாங்கும் கடைசி ஆள் இல்லை. புதிதாகச் சேர்கிறவன் கட்டுகிற பணம்தான் பழைய ஆளுக்குக் கூலியாகப் போகிறது. அப்படியானால் அது லாபமே இல்லை. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரம், 47ஆவது. முதல் குறளே செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துச் செய் என்கிறது. அதே அதிகாரத்தில் 463ஆவது குறள், வரப்போகும் லாபத்தை நம்பி முதலையே இழக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்க மாட்டார் என்கிறது. ப்ரூடன்ஸ் பற்றிய இரண்டு மார்க் கேள்விக்கு வள்ளுவர் எழுதினால் முழு மார்க் வாங்கியிருப்பார்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம் பக்கத்தில் உண்டு. திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் என்று ஆன்லைன் அந்நியச் செலாவணி வர்த்தகத்தின் பேரில் பணம் திரட்டினார்கள். 2009இல் வெடித்த அந்த வழக்கில் கோயம்புத்தூர்ச் சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது 2022இல். நடுவில் 13 வருஷம். பணம் போட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் கிழவர்களாகியிருப்பார்கள். முன்னால் பார்க்க ஐந்து நிமிஷம், பின்னால் அலைய 13 வருஷம்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் 2007, 2008 வாக்கில் டாலர் விலை சம்பந்தமான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை பாங்குகளிடம் வாங்கிப் பெரும் நஷ்டப்பட்டு, கோர்ட் வரை போனார்கள். ரிசர்வ் பாங்க் டெரிவேட்டிவ் விதிகளை மீறியதாக 2011 ஏப்ரலில் 19 பாங்குகளுக்கு அபராதம் போட்டது. பாங்குகளுக்கு ப்ரூடன்ஷியல் நார்ம்ஸ் என்றே ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 1991 நரசிம்மம் கமிட்டிக்குப் பிறகு வந்தது. கடன் தவணை 90 நாள் தாண்டி வராவிட்டால் அந்தக் கடனின் வட்டியை வருமானம் என்று எழுதக் கூடாது என்பதெல்லாம் அதில்தான். பாங்குக்கே அப்புச்சி தேவைப்படுகிறது பாருங்கள்.

இதோடு நிறுத்தினால் இது நீதிக்கதை ஆகிவிடும். ப்ரூடன்ட் வாழ்க, அப்புச்சி வாழ்க என்று போய்விடலாம். ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது.

என் அம்மா ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி படிக்க ஆசைப்பட்டார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எந்த இலையைப் பார்த்தாலும் என்ன நோய் என்று சொல்லுவார், இன்றைக்கும். அப்புச்சி வேண்டாம் என்றுவிட்டார். ஹாஸ்டல், வெளியூர், காலம் கெட்டுக் கிடக்கிறது, பொம்பளப் பிள்ளை. "பதனமா ஊட்டுலயே இரு அம்மிணி." அடுத்த வருஷமே கல்யாணம்.

இங்கேதான் எனக்கு அந்த வார்த்தை இடித்தது. ஈமுவை மறுத்ததும் பதனம், அம்மாவை மறுத்ததும் பதனம். இரண்டும் ஒன்றா?

இங்கிலீஷ்காரர்கள் இந்தச் சொல்லை எங்கெங்கே யாருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் இடிக்கிறது. நம் சட்டங்களில் சாதாரண ப்ரூடன்ஸ் உள்ள மனிதன் என்று ஒருவர் அடிக்கடி வருவார். 1872 ஒப்பந்தச் சட்டம் 151ஆவது பிரிவில், அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர் அதைத் தன் பொருள்போல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற இடத்தில் வருவார். 1882 டிரஸ்ட் சட்டம் 15ஆவது பிரிவிலும் வருவார். சட்டத்தின் வாசகத்தில் அவர் மேன், அதாவது ஆண். சொத்தை நிர்வகிப்பார், முதலீடு செய்வார், முடிவெடுப்பார். அதே ப்ரூடன்ஸை இங்கிலீஷ்காரர்கள் பெயராக வைத்தது யாருக்கு? பெண் குழந்தைகளுக்கு! பீட்டில்ஸின் 'டியர் ப்ரூடன்ஸ்' பாட்டுகூட அந்தப் பெயர் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியதுதான். 1968இல் ரிஷிகேஷ் ஆசிரமத்துக்கு வந்தவர், அறையை விட்டு வெளியே வராமல் தியானத்திலேயே இருந்தாராம். வெளியே வா என்று கூப்பிடுகிறது பாட்டு. ஆணுக்கு ப்ரூடன்ஸ் என்றால் யோசித்து முடிவெடுப்பது, பெண்ணுக்கு ப்ரூடன்ஸ் என்றால் அறைக்குள்ளேயே இருப்பது. கொங்கு நாடாவது, இங்கிலாந்தாவது.

இதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது ஒரு விநோதமான இடத்தில். மறுபடியும் அக்கவுண்டிங்.

ப்ரூடன்ஸுக்கு ஒரு நோய் உண்டு. அளவுக்கு மீறினால் அது பொய்க் கணக்காகிவிடும். எப்படி என்று சொல்கிறேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி. குவிண்டால் 6,000 ரூபாய் அடக்கத்தில் வாங்கி குடோனில் வைத்திருக்கிறார். 2010-11இல் விலை 15,000ஐத் தாண்டிப் போனது. ஆனாலும் விற்கும் வரை கணக்கில் 6,000தான். அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அது. அதற்கப்புறம் 2012இல் மஞ்சள் விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதே, அப்போது 15,000 என்று எழுதி வைத்தவர் கதி என்ன? ஆக விதி நல்ல விதி.

ஆனால் அவரே, "எதற்கும் பதனமாக இருப்போம்" என்று 6,000 அடக்கமுள்ள மஞ்சளை 1,000 என்று எழுதினால்? நஷ்டமே வராத இடத்தில் நஷ்டத்துக்கு ஒதுக்கிக்கொண்டே போனால்? அதற்குப் பெயர் சீக்ரெட் ரிசர்வ். சொத்து இருக்கும், கணக்கில் தெரியாது. பார்க்கிறவனுக்கு இவர் ஏழை. கடன் கொடுக்கிறவன் கொடுக்க மாட்டான், பங்கு சேர்கிறவன் சேர மாட்டான். குறைத்துச் சொல்வதும் பொய்தான்.

இதனாலேயே சர்வதேச அக்கவுண்டிங் தரநிலை வாரியம் 2010இல் தன் அடிப்படைக் கோட்பாட்டு ஆவணத்திலிருந்து ப்ரூடன்ஸ் என்ற வார்த்தையையே தூக்கிவிட்டது. நடுநிலைக்கு இடிக்கிறது என்பது காரணம். நிறையப் பேர் எதிர்த்தார்கள். 2018இல் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஆனால் ஒரு விளக்கத்தோடு. நிச்சயமில்லாத சூழ்நிலையில் கவனமாகத் தீர்மானிப்பதுதான் ப்ரூடன்ஸ். சொத்தையும் வருமானத்தையும் கூட்டிச் சொல்லக் கூடாது. அதே போலக் குறைத்தும் சொல்லக் கூடாது.

'குறைத்தும் சொல்லக் கூடாது.' இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அவர் எங்கள் வீட்டு சீக்ரெட் ரிசர்வ். இருக்கிற திறமை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் மாதா மாதம் 'திடீர்' என்று ஒரு தலைப்பு போட்டு 300 ரூபாய் ஒதுக்கி வைக்கும் பெண், அக்கவுண்டிங் படிக்காமலே ப்ராவிஷன் போட்டவர். அந்தப் பணம் கடுகு டப்பாவுக்கும் துவரம்பருப்புக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்ததே, அன்றைக்குத்தான் நாட்டில் எத்தனையோ சமையலறைகளின் சீக்ரெட் ரிசர்வ் வெளியே வந்தது. எங்கள் வீட்டிலும் வந்தது. அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை :-)

இப்போது என் கதை. கடைசி வருஷம். சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் கற்றுக்கொள்ளலாம், கூடவே மேலே படிக்கலாம். அப்பா சரி என்றுவிட்டார். அப்புச்சிக்கு இப்போது எண்பதை ஒட்டி வயசு. போனில் விஷயத்தைச் சொன்னதும், "மெட்ராசா? எதுக்கு சாமி? இங்கயே பதனமா..." என்று ஆரம்பித்தார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். அப்புச்சியிடம் அம்மா குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ஏனுங்கப்பா, ஈமு கோழிக்கு யாரு வாங்குவா, எங்க விப்பான்னு அத்தன கேள்வி கேட்டீங்கல்ல? என்னைப் படிக்க அனுப்பமாட்டேன்னு சொன்னீங்களே, அன்னைக்கு ஒரு கேள்வியாச்சும் கேட்டீங்களா?"

போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அந்த ஒரு கேள்வியில் எல்லாம் புரிந்தது. ஈமு விஷயத்தில் அப்புச்சி முன்னால் பார்த்தார். கேட்டார், எண்ணினார், பிறகு மறுத்தார். அம்மா விஷயத்தில் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் 'வேண்டாம்'தான். ஒன்று ப்ரூடன்ஸ், மற்றது பயம். வித்தியாசம் பதிலில் இல்லை, அதற்கு முன்னால் போட்ட கணக்கில் இருக்கிறது. கணக்குப் போட்ட பிறகு 'சரி' என்று சொன்னாலும் அது ப்ரூடன்ஸ்தான். இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் மில் ஆரம்பித்தவர்களும், பம்ப்செட் செய்தவர்களும், பனியன் கம்பெனி போட்டவர்களும் எல்லாரும் வீட்டிலேயே பதனமாக இருந்திருந்தால் கோயம்புத்தூரும் இல்லை, திருப்பூரும் இல்லை. அவர்களில் நிலைத்து நின்றவர்கள் முன்னால் பார்த்துவிட்டு இறங்கியவர்கள்.

அப்புச்சி கடைசியில் பேசினார். அம்மாவிடம் இல்லை, "புள்ளகிட்டக் குடு" என்றார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படிக் கேட்பதும் இல்லை. கேள்விதான் கேட்டார்.

"சம்பளம் எத்தன சாமி?" சொன்னேன். "ஹாஸ்டலுக்கு எத்தன?" சொன்னேன். "மிச்சம்?" சொன்னேன். மிச்சம் குறைவு என்றார். தெரியும் அப்புச்சி என்றேன். "தண்ணி எப்படி அங்க? ஆபீசுக்கு எத்தன தூரம்? ராத்திரி எத்தன மணிக்கு உடுவாங்க? அந்த ஆபீசுல வேல பாத்த புள்ள யாராச்சும் உனக்குத் தெரியுமா?" கிட்டத்தட்ட இருபது நிமிஷம். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசிக் கேள்விக்கு இல்லவே இல்லை. அந்த ஆபீசில் முன்பு வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பேசிவிட்டுத்தான் சேரப்போகிறேன். நல்ல கேள்வி அது, ஈமு கேள்வி மாதிரியே.

அவர் முழுசாகச் சரி என்று இன்னும் சொல்லவில்லை. ஜூன் மாதம் வரை நேரம் இருக்கிறது. ஆனால் போனை வைக்கும்போது பழக்க தோஷத்தில் அந்த வார்த்தை வந்தது. இந்த முறை அதன் வாலில் என்ன ஒட்டியிருந்தது என்று கவனித்தேன். "பதனமா போய்ட்டு வா."

அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்த வார்த்தை எங்கள் ஊரில் பெரும்பாலும் பஸ் ஸ்டாப்பிலும் வாசல்படியிலும்தான் காதில் விழுகிறது. கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிற வார்த்தை. வீட்டிலேயே இருக்கிறவர்களுக்கு அது எதற்கு?

ப்ரூடன்ட் என்ற வார்த்தைக்கு இனிமேல் யாராவது என்னிடம் தமிழில் அர்த்தம் கேட்டால் நான் பதனம் என்றுதான் சொல்லப்போகிறேன். பரீட்சையில் மார்க் போடுவார்களா தெரியாது. உங்கள் ஊரில் இதற்கு என்ன வார்த்தை? மதுரைப் பக்கம் சூதானம் என்பார்கள் என்று தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் சொல்லுங்கள், அதை உங்கள் வீட்டில் யாரிடம், எதற்காகச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து.

அடுத்த முறை வாக்குக் கொடுத்தபடி சினிமாதான். பதனமாக இருங்கள். இல்லை, பதனமாகப் போய்ட்டு வாங்க.